நீர்க்கடுப்பும் புராஸ்டேட் வலியும்: இது பால்வினை நோய்தானா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். வயது 34, திருமணமாகி ஆறு வருடம். ஐந்து மாதத்துக்கு முன் வேலையாக வெளியூர் போன இடத்தில் ஒரே ஓர் இரவு. உடலுறவுக்கு ஆணுறை இருந்தது, வாய்வழியாக நடந்ததற்கு இல்லை. அதன் பிறகும் இரண்டு மாதம் மனைவியுடன் வழக்கம்போல் இருந்தீர்கள். ஏழாவது வாரத்தில் நீர்க்கடுப்பு தொடங்கியது. இப்போது மணிக்கு ஒரு தரம் சிறுநீர் வருகிறது, போய் வந்த பிறகும் மிச்சம் நிற்பது போல இருக்கிறது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் அழுத்தி வலிக்கிறது, விந்து வெளியேறிய மறுநாள் அது கூடுகிறது. யூரின் ரொட்டீன் இரண்டு முறை, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ஒரு முறை, எதிலும் ஒன்றுமில்லை. டாக்டர் புராஸ்டேட் வீக்கம் என்று சொல்லி முதலில் ஓஃப்ளாக்சசின், பிறகு டாக்சிசைக்ளின் என்று இரண்டு ஆன்டிபயாடிக் கொடுத்தார். பாதி குறைந்து திரும்ப வந்துவிட்டது. மூன்று மாதமாக மனைவியிடம் ஏதாவது ஒரு காரணம் சொல்லி ஒதுங்கி இருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. ஓர் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் 26 வருடம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். உங்களைப் போல ஒரு கையில் சிறுநீர்க் குப்பியும் மறு கையில் பயமுமாக நின்றவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் சொல்லும் வலி பெரும்பாலும் பால்வினை நோயால் வருவதில்லை. ஆனால் நீங்கள் இதுவரை செய்த பரிசோதனைகளை வைத்து 'இல்லை' என்று யாரும் முடிவாகச் சொல்லவும் முடியாது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது.

முதலில் பால்வினைத் தொற்று ஆணின் சிறுநீர்ப் பாதையில் எப்படித் தெரியும் என்று பார்ப்போம். வெட்டை நோய் என்று ஊரில் சொல்லும் கொனோரியா சத்தமில்லாமல் வருவது குறைவு. தொடர்பு நடந்த இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் குறியின் நுனியில் மஞ்சளாகச் சீழ் வடியும், ஜட்டியில் கறை படியும், சிறுநீர் போகும்போது நெருப்பாக எரியும். அந்தச் சீழை ஒரு சொட்டு கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், வெள்ளணுக்களுக்குள்ளே காப்பிக்கொட்டைகளை எதிரெதிரே வைத்தது போல ஜோடி ஜோடியாகக் கிருமி தெரியும். அரை மணி நேர வேலை. கிளமிடியா அப்படி இல்லை. அது ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் வரும். நீர்த்த கசிவு, காலையில் எழும்போது நுனி ஒட்டிக்கொண்டிருப்பது, லேசான அரிப்பு, அவ்வளவுதான் இருக்கும். ஆண்களில் பாதிப் பேருக்கு அதுவும் இருக்காது. மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம் என்று இன்னொன்று உண்டு, 1980களின் தொடக்கத்தில்தான் கண்டுபிடித்தார்கள். அதுவும் இதே போலப் பதுங்கும்.

இங்கே ஒரு குறிப்பைக் கவனியுங்கள். இந்தத் தொற்றுகள் உட்காருமிடம் குறி வழியாக வெளியே வரும் சிறுநீர் வடிகுழாய். அங்கே அழற்சி வந்தால் எரிச்சலும் கசிவும் வரும். மணிக்கொரு தரம் ஓடுவதும், மிச்சம் நிற்பது போன்ற உணர்வும், அடியில் அழுத்தும் வலியும் அதன் வழக்கமான குணம் இல்லை. அவை சிறுநீர்ப்பை, புராஸ்டேட், அவற்றைத் தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் ஆகியவற்றின் குணம். உங்களுக்குக் கசிவு ஒரு நாளும் வந்ததில்லை, தொடக்கம் ஏழாவது வாரம். இரண்டும் உங்கள் பக்கம் பேசுகின்றன.

இனி நான் மிகவும் சொல்ல நினைப்பது. யூரின் கல்ச்சர் சுத்தமாக வந்ததால் பால்வினை நோய் இல்லை என்று நம்பி வீட்டுக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன், அதே ரிப்போர்ட்டை நம்பாமல் பத்து லேப் ஏறி இறங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் யாரும் சொல்லாத விஷயம் ஒன்றுதான்: அந்தப் பரிசோதனை இந்தக் கிருமிகளைத் தேடவே இல்லை. கல்ச்சர் தட்டில் வளர்வது ஈ.கோலை மாதிரியான குடல் கிருமிகள். கிளமிடியா உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வாழும், தட்டில் வளராது. கொனோரியா கிருமிக்குத் தனி ஊடகமும் கரியமில வாயுவும் வேண்டும், வெளியே கொஞ்ச நேரம் கிடந்தால் செத்துவிடும். மைக்கோபிளாஸ்மாவை வளர்க்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே 'நோ குரோத்' என்ற சீட்டுக்கு, சாதாரணச் சிறுநீர்க் கிருமி இல்லை என்பது மட்டுமே பொருள்.

அதோடு எந்தச் சிறுநீர் என்பதும் முக்கியம். கல்ச்சருக்கு முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வோம். வடிகுழாயில் இருப்பதைக் கழுவிவிட்டு, சிறுநீர்ப்பையில் இருப்பதை மட்டும் பார்ப்பதற்காக. பால்வினைத் தொற்றைத் தேடும்போது நேர் எதிர். ஒரு மணி நேரமாவது, முடிந்தால் இரண்டு மணி நேரம், சிறுநீரை அடக்கிவைத்து, முதலில் வரும் 20 மில்லி அளவைத்தான் பிடிக்க வேண்டும். வடிகுழாயின் சுவரில் இருப்பது அதில்தான் வரும். அந்தச் சிறுநீரில் கிருமியின் மரபணுத் துணுக்கைப் பெருக்கிப் பார்க்கும் பரிசோதனைக்கு நாட் என்று பெயர், பி.சி.ஆர். என்று கேட்டாலும் புரியும். கோவிட் காலத்தில் மூக்கில் எடுத்துச் செய்தார்களே, அதே முறை. பெரிய தனியார் ஆய்வுக்கூடங்களில் கொனோரியா, கிளமிடியா, மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம், டிரைக்கோமோனாஸ் நான்கையும் சேர்த்துச் செய்கிறார்கள். கடைசி ஆன்டிபயாடிக் மாத்திரை முடிந்து நான்கு வாரம் கழித்துக் கொடுங்கள். அவசரப்பட்டால் செத்த கிருமியின் மிச்சம்கூடப் பாசிட்டிவாகக் காட்டும்.

அதே லேப்பில் ஐம்பது நோய்க்கும் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்று காட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். கிளமிடியாவுக்கு ரத்தத்தில் பார்க்கும் ஐ.ஜி.ஜி. (பழைய தொற்றுக்கும் உடலில் தங்கிவிடும் எதிர்ப்புப் பொருள்) பரிசோதனை இப்போது தொற்று இருக்கிறதா என்று சொல்லாது. ஹெர்பீஸ் ஐ.ஜி.ஜி. சிறு வயதில் உதட்டில் வந்த கொப்புளத்துக்கும் பாசிட்டிவ் காட்டும். யூரியாபிளாஸ்மா என்ற கிருமி நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிடமும் சாதாரணமாகக் குடியிருக்கும். விந்துக் கல்ச்சரில் தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கலந்து வளரும், அதைப் பார்த்து இன்னொரு சுற்று மாத்திரை ஓடும். இப்படி ஒன்றுமில்லாத ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் அலைந்த பையன்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

எச்.ஐ.வி. விஷயம். அது நீர்க்கடுப்பாக வெளிப்படுவதில்லை. ஆனாலும் பார்த்துவிடுங்கள், சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். பரிசோதனையையும் சேர்த்து. மூன்று மாதம் தாண்டிவிட்டதால் இப்போது வரும் நெகட்டிவ் முடிவானது, மறுபடி மறுபடி செய்யத் தேவையில்லை. அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதமில்லாமல் பரிசோதிக்கவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது. நேரில் போகுமுன் பேச வேண்டுமென்றால் 1097 எண்ணுக்குக் கட்டணமில்லாமல் அழைக்கலாம்.

சரி, தொற்று இல்லையென்றால் இந்த வலி என்ன? புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, வடிகுழாயைச் சுற்றி இருக்கும் சிறிய சுரப்பி. இளம் வயதில் 20 கிராம் எடை இருக்கும். அதன் அழற்சியை 1995இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் கூட்டம் நான்கு வகையாகப் பிரித்தது, இன்றும் அதுதான் நடைமுறை. முதல் வகை திடீரென்று வரும் பாக்டீரியாத் தொற்று. குளிர் காய்ச்சலோடு ஆளைக் கிடத்திவிடும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். இரண்டாவது நாள்பட்ட பாக்டீரியாத் தொற்று. ஒரே கிருமி திரும்பத் திரும்பச் சிறுநீரில் வளரும். நான்காவது தொந்தரவே தராதது, வேறு எதையோ தேடும்போது தெரிய வருவது. மூன்றாவதுதான் நாள்பட்ட இடுப்புக்கூட்டு வலி. எந்தக் கிருமியும் வளராது. புராஸ்டேட் வீக்கம் என்று சொல்லப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் இந்தக் கூட்டம்தான்.

இதைப் பிரித்தறிய 1968இல் மியர்ஸ், ஸ்டேமி என்ற இரு டாக்டர்கள் நான்கு குப்பிப் பரிசோதனையை அறிமுகப்படுத்தினார்கள். முதல் சிறுநீர், நடுச் சிறுநீர், புராஸ்டேட்டை ஆசனவாய் வழியாக விரலால் அழுத்தி வரும் திரவம், அதற்குப் பிந்தைய சிறுநீர் என்று தனித்தனியே பிடித்துப் பார்ப்பது. இன்று அழுத்துவதற்கு முன், பின் என்று இரண்டு குப்பியோடு சுருக்கிவிட்டார்கள். உங்களுக்கு இது நடக்கவில்லை என்று நினைக்கிறேன். யூராலஜி டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல் இருக்கும்போது மட்டும் அழுத்தவே கூடாது, கிருமி ரத்தத்தில் ஏறிவிடும்.

மூன்றாவது வகையில் வலி பெரும்பாலும் இடுப்புத் தளத் தசைகளிலிருந்தும் அங்கே ஓடும் நரம்புகளிலிருந்தும் வருகிறது. பயம் வந்தால் தோள் இறுகுவது போல இந்தத் தசைகளும் இறுகும். நமக்குத் தெரியாது. நாள் முழுவதும் இறுகியே இருந்தால் சிறுநீர் முழுசாகப் போகாது, போன பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றும், விந்து வெளியேறும்போது தசை பலமாகச் சுருங்குவதால் மறுநாள் வலி ஏறும். நீங்கள் எழுதிய அடையாளங்கள் இவைதாம். உட்கார்ந்தே பார்க்கும் வேலை, நீண்ட பைக் ஓட்டம், மலச்சிக்கல் எல்லாம் கூட்டும். கற்பனை வலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலி நிஜம், கிருமிதான் இல்லை.

எங்களிடம் ஒருவர் வருவார், லாரி ஓட்டுநர். தினமும் காலையில் குறியை அடியிலிருந்து நுனி வரை அழுத்திப் பிழிந்து ஏதாவது வருகிறதா என்று பார்ப்பார். பிழியப் பிழியக் குழாயின் உட்சுவர் புண்பட்டு உண்மையாகவே ஒரு சொட்டுக் கசிவு வரும், எரியும். அதைக் கொண்டுவந்து காட்டுவார். தகட்டில் தேய்த்துப் பார்த்தால் கிருமியே இருக்காது. பிழிவதை நிறுத்துங்கள் என்று நான்கு முறை சொல்ல வேண்டியிருந்தது. நிறுத்திய மூன்றாவது வாரம் எரிச்சல் போய்விட்டது. நீங்கள் அப்படிச் செய்கிறீர்களா என்று எழுதவில்லை. செய்தால் இன்றே விடுங்கள்.

ஆன்டிபயாடிக்கில் பாதி குறைந்ததே, அப்படியானால் கிருமிதானே என்று கேட்பீர்கள். சில ஆன்டிபயாடிக்குகளுக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் கொஞ்சம் உண்டு. மருந்து சாப்பிடுகிறோம் என்ற நிம்மதியில் தசையும் தளரும். ஒரு சுற்று முயன்று பார்ப்பது நியாயம். கிருமி வளராதபோது மூன்றாவது, நான்காவது சுற்று நியாயமில்லை. ஓஃப்ளாக்சசின் வகை மருந்துகள் தசைநாண்களைப் பாதிக்கும் என்று 2008இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதே வகை மருந்து காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். சிறுநீர்ப் பாதையிலும் புராஸ்டேட்டிலும் காசநோய் வரும். சிறுநீரில் சீழ் அணு நிறைய இருந்தும் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லையென்றால் எங்கள் பழைய தலைமை மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான். உங்கள் ரிப்போர்ட்டில் சீழ் அணு 2 முதல் 3 தான், அது சாதாரணம். ஆனால் மருந்துக் கடையில் இதே வகையைச் சேர்ந்த சிப்ரோ வாங்கி விழுங்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சிப்ரோவுக்கு வெட்டை நோய்க் கிருமி அடங்கிய காலமும் போய்விட்டது.

வலிக்கு என்ன செய்வது என்பதை யூராலஜி டாக்டர் முடிவு செய்யட்டும். சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாதிரி மருந்து சிலருக்கு நன்றாகக் கேட்கும். இடுப்புத் தளத் தசையைத் தளர்த்தக் கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் மாத்திரையைவிட அது உதவும். இணையத்தில் பார்த்து அந்தத் தசையை இறுக்கும் கீகல் பயிற்சியைச் செய்யாதீர்கள், ஏற்கெனவே இறுகிய தசையை இன்னும் இறுக்கும். ஒரு டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, இடுப்பு நனைய 15 நிமிடம் இரவில் உட்காருங்கள். காப்பியையும் காரத்தையும் கொஞ்ச நாள் குறைத்துப் பாருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இதைச் சூடு என்பார்கள், வெந்தயமும் மோரும் கொடுப்பார்கள். அதில் கெடுதல் இல்லை. வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்து சிறுநீர் அடர்த்தியானால் கடுக்கத்தான் செய்யும். கெடுதல் எங்கே என்றால் சுவரொட்டி பார்த்து லாட்ஜ் அறையில் உட்கார்ந்திருப்பவரிடம் போவதில். 'தாது கரைகிறது, நரம்பு தளர்ந்துவிட்டது' என்று சொல்லிப் பல ஆயிரங்களுக்குச் சூரணம் கட்டுவார்கள். மலம் கழிக்க முக்கும்போது இரண்டு சொட்டு வெள்ளையாக வருவது புராஸ்டேட் சுரப்பு, ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். இந்தப் பயத்துக்கே 1960இல் என்.என். விக் என்ற இந்திய மனநல மருத்துவர் தாத் நோய்க்குறி என்று பெயர் வைத்தார். பயத்துக்குத்தான் பெயர் வைத்தார் என்பதைக் கவனியுங்கள்.

வேறு காரணங்களையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். சர்க்கரை ஏறியிருந்தாலும் அடிக்கடி சிறுநீர் வரும். சிறுநீரகக் கல் கீழே இறங்கிச் சிறுநீர்ப்பைக்கு அருகில் சிக்கினால் வலி குறி நுனிக்கும் விதைக்கும் ஓடும், ஒரு ஸ்கேனில் தெரிந்துவிடும். 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் புராஸ்டேட் பருத்துச் சிறுநீர் மெலிந்து வருவது தனிக் கதை, உங்களுக்கு அது பொருந்தாது. குளிரோடு காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, சிறுநீரில் ரத்தம், ஒரு விதை திடீரென்று வீங்கி வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்ற முடியும்.

கடைசியாக உங்கள் மனைவி. இதை எழுதக் கொஞ்சம் தயங்கினேன். டாக்சிசைக்ளின் கிளமிடியாவைக் குணப்படுத்தும் மருந்து. உங்களுக்கு முன்பு அது இருந்து, மருந்தில் போயிருந்தால், இப்போது வரும் நெகட்டிவ் ரிப்போர்ட் அதைச் சொல்லாது. தொடக்கத்தில் இரண்டு மாதம் நீங்கள் அவரோடு இருந்தீர்கள். பெண்களில் பெரும்பாலோருக்குக் கிளமிடியா எந்த அறிகுறியும் தராது, மருந்தில்லாமல் விட்டால் சிலருக்குக் கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறிப் பின்னால் குழந்தைப் பேற்றைத் தடுக்கலாம். வாய்ப்புக் குறைவுதான், ஆனால் அந்தச் சின்ன வாய்ப்பை அவர் தலையில் அவருக்கே தெரியாமல் வைப்பது சரியில்லை. உங்கள் ரிப்போர்ட் எப்படி வந்தாலும் அவருக்கும் பரிசோதனை வேண்டும். அவரே பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதும், யாரும் பார்க்கத் தேவையில்லை. பாசிட்டிவ் வந்தால் இருவரும் சேர்ந்து மருந்து எடுத்து, டாக்டர் சொல்லும்வரை, குறைந்தது ஏழு நாள், சேராமல் இருக்க வேண்டும். முடிவு வரும்வரை ஆணுறை.

எப்படிச் சொல்வது என்றுதான் தவிப்பீர்கள். அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசகர் இருப்பார். சென்னையில் இருந்தால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இந்த நோய்களுக்கென்றே தனி நிறுவனம் இருக்கிறது. முதலில் நீங்கள் தனியாகப் போய் ஆலோசகரிடம் எல்லாவற்றையும், வாய்வழித் தொடர்பையும் விடாமல், சொல்லுங்கள். மனைவியோடு வரும் நாளில் பேச்சை அவர் தொடங்கிவைப்பார். காலையில் போங்கள், கிளம்புவதற்கு முன் சிறுநீர் போகாதீர்கள்.